உங்களுக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வந்தது

அக்கா,

நேற்று மேற்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவசப் பை ஒன்றைக் கையில் திணித்தார்கள். அதில் அச்சடித்திருந்த புதுப் பெயின்ட் வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் நினைப்புதான். எங்கள் மாடி வீட்டில் நீங்கள் இன்னும் குடியிருந்தால் எனக்கு முன்னால் கிளம்பியிருப்பீர்கள்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வழிகாட்டுகிறார்களாம். உங்கள் பையனுக்காகப் பல்லாவரத்துக்குப் போனோமே, அதே மாதிரி. எந்தப் படிப்பு பொருந்தும் என்று அங்கே ஒரு கல்லூரி ஸ்டாலில் டெஸ்ட் வைத்தார்கள். அவனுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் வந்தது. நீங்கள் நம்பவில்லை. நீங்களே உட்கார்ந்து, வயது பதினேழு என்று போட்டு, கணக்கு பிடிக்காது, கம்ப்யூட்டர் என்றால் பயம், மீன் குழம்பு வைக்கப் பிடிக்கும் என்று தட்டினீர்கள். உங்களுக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வந்தது.

"தம்பி, உங்க வூட்டுப் பசங்க இன்னா படிக்கிறாங்க?" என்று ஸ்டால்காரரைக் கேட்டீர்கள். அவர் தண்ணீர் பாட்டிலைத் தேட ஆரம்பித்தார். அன்றிலிருந்து, சும்மா வந்து அறிவுரை சொல்லும் யாரையும் நான் நம்புவதில்லை. டியூஷன் சாரைக்கூட.

நேற்று என் மகள் மதுவுக்கு வந்தது பிசியோதெரபி. அவள் ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்த அதே படிப்பு. முகமெல்லாம் சிரிப்பு. ஸ்டால் போட்டிருந்ததோ ஒரு பிசியோதெரபி கல்லூரி. நான் சும்மா இருப்பேனா? உட்கார்ந்தேன். யாரையும் தொடவே பிடிக்காது, நோயாளி என்றால் எரிச்சல் என்று தட்டினேன். எனக்கும் பிசியோதெரபி.

பஸ்ஸில் மது என் பக்கமே திரும்பவில்லை. செம்பாக்கம் ஏரி தாண்டியதும் நான்தான் பேச்சை எடுத்தேன்.

"எல்லாம் சீட்டு ரொப்புற வேலைடி. இந்தப் படிப்பே வேணாம்."

"டெஸ்ட் பொய்தாம்மா. மாடி ஆன்ட்டி எனக்குத் தலை பின்னிவிட்டாங்களே, அதுவுமா பொய்?"

பக்கவாதத்தில் உங்கள் வலது கை விழுந்தபோது, பள்ளி விட்டதும் பிசியோதெரபி பயிற்சிக்கு உங்களைக் கூட்டிப்போனவள் அவள்தானே. ஒரு நாள் அந்தக் கையாலேயே அவளுக்குப் பின்னல் போட்டு அனுப்பினீர்கள். கோணல் பின்னல். இரண்டு நாள் அவள் அதை அவிழ்க்கவே இல்லை.

படிப்பை இனி சந்தேகப்பட மாட்டேன் அக்கா. கல்லூரிகளை விடுவதாக இல்லை. நாளைக்கு வேறொரு கல்லூரியைப் பார்க்கப் போகிறோம். அன்று ஸ்டால்காரரிடம் நீங்கள் கேட்ட கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்றேன்.

"நான் கேக்குறேம்மா" என்கிறாள் மது.