ஸ்டெல்லா கூப்பிட்டாள்

9 ஜூலை 1974, இரவு

பேச்சுப் பயிற்சி மேற்படிப்புக்காக, காசிமேட்டில் ஆறு வயது ஸ்டெல்லாவைப் பேசவைக்க மாதக்கணக்காக முயன்றேன். கடலுக்குப் புறப்பட்ட அப்பாவைப் பின்னாலிருந்து கூப்பிட்டவள் அவள். படகு வந்தது, அவர் வரவில்லை. அன்றோடு அவள் பேச்சு நின்றது.

இன்று அவள் வீட்டில் விடைபெற்று வாசலைத் தாண்டினேன்.

"டீச்சர்!"

அவள் குரல்தான். நான் சந்தோஷத்தில் கத்திவிட்டேன். அவள் அம்மாவோ ஓடிவந்து பிள்ளையின் வாயைப் பொத்தினாள்.

"இன்னாத்துக்குடீ கூப்ட்ட? டீச்சரம்மா, போவாதீங்க. கொஞ்சம் குந்தி, தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். ஸ்டெல்லா அழவில்லை. தெருமுனைவரை என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

காலையில் கல்லூரிக்குத் திரும்ப மைசூருக்கு ரயில். படுக்குமுன் தண்ணீர் குடித்தேன். எழுந்து மறுபடியும் குடித்தேன். தாகமே இல்லை.