சபியா உம்மாவின் சுழலும் சீட்

மருதமுனை
2024.05.04

அன்புள்ள சபியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இது ஆதம்பாவா எழுதும் கடிதம். யாரிடமும் சொல்லி எழுதுவிக்கவில்லை. பேனை என் கையில்தான் இருக்கிறது. நம்பாவிட்டால் எழுத்தைப் பார். கோணலாக நிற்பதெல்லாம் என்னுடையது, நேராக நிற்பதும் என்னுடையதுதான்.

நீ முழங்கால் ஒப்பரேசனுக்குக் கண்டிக்குப் போன கிழமையே நான் ஆகிலா ரீச்சரின் எழுத்து வகுப்பில் சேர்ந்துவிட்டேன். பெண்களுக்கென்று அவர் நடத்தும் வகுப்பு அது. ஆண் நான் ஒருவன்தான். முதல் நாள் கூடப் படிக்கும் கமீலா என்னைப் பார்த்து, "என்ன காக்கா, காதல் கடுதாசி எழுதப் படிக்கவா வந்திரிக்கீங்க?" என்று கேட்டாள். "ஓம் தங்கச்சி, பொஞ்சாதிக்குத்தான்" என்றேன். வகுப்பே சிரித்தது. நான் சொன்னது உண்மை என்று அவர்களுக்குத் தெரியாது.

போனில் கதைக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் நீ இரண்டு சொல் கதைத்துவிட்டுப் பேரப்பிள்ளையின் கையில் கொடுத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிக் கொடுக்க முடியாது.

நம் மொரிஸ் மைனர் காரும் சுகம். ஜனவரியில் உன்னைக் கூட்டிப் போகும்போது மஹியங்கனை மலைப் பாதையின் பதினெட்டு வளைவில் அது தண்ணீர் கொதித்து நின்றுவிட்டதல்லவா? ஓட்டி வந்த மருமகன் றிபாஸ் மூடியைத் திறக்கப் பயந்து நிற்க, நீ ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து, "இனி இந்தச் சக்களத்தியில கால் வைக்க மாட்டன்" என்று சொன்னாய். பிறகு வழியில் வந்த யாரோ ஒருவரின் வேனில் ஏறிப் போய்விட்டாய். அந்தச் சொல் இன்னும் என் காதில் கிடக்கிறது. சபியா, நீ வீடு திரும்பும்போது இதே காரில், அதே வளைவுகளால் வர வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

காரைப் பாண்டிருப்பில் கிசோக்கின் கராஜில் விட்டிருக்கிறேன். மலை ஏறும்போது வண்டி மெதுவாகப் போகிறது, எஞ்சின் கடுமையாக உழைக்கிறது, ஆனால் காற்று காணாது. அதுதான் நோய். தண்ணீரை ஆற்றும் பழைய றேடியேற்றரைக் கழற்றிவிட்டு ஜப்பான் வேன் ஒன்றின் பெரிய றேடியேற்றரைப் பொருத்துகிறோம். அதற்கு முன்னால் பற்றறியில் ஓடும் விசிறி. கிசோக் மீசையைத் தடவிக்கொண்டு, "காக்கா, இந்தப் போக்கில போனா உங்கட காரில மொரிஸ் எண்டு சொல்ல மூக்கு மட்டும்தான் மிஞ்சும்" என்கிறான். மூக்கு அழகாக இருந்தால் போதும் என்றேன்.

இரண்டு பின்னேரமாக இதை எழுதினேன். கை வலிக்கிறது. மனம் வலிக்கவில்லை.

உன்
ஆதம்பாவா


கண்டி
2024.05.15

அன்பின் மச்சானுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடிதம் கிடைத்தது. சுல்பிகா வாங்கிப் பார்த்து, "வாப்பாட எழுத்தா உம்மா?" என்று கேட்டு அழுதுவிட்டாள். நான் அழவில்லை. இரண்டாவது முழங்காலின் தையல் வலித்தது. கண் கலங்கியது அதனால்தான்.

நாற்பது வருடமாகக் கல்யாணக் கார்டு, கரண்ட் பில், பஸ் போர்டு, மருந்துப் போத்தல் எல்லாம் உங்களுக்கு வாசித்துக் காட்டியவள் நான். இனி எனக்கு என்ன வேலை தரப்போகிறீர்கள்?

கார் விசயத்தில் என்னைச் சமாளிக்கப் பார்க்க வேண்டாம். ஏறும்போது கொதிக்கும் என்பது தெரிந்த கதை. இறங்கும்போது நிற்குமா என்பதல்லவா கேள்வி? அதைவிட, அந்தக் கார் தரையோடு கிடக்கிறது. உள்ளே போக ஆளை நாலாக மடிக்க வேண்டும். என் கால் ஒரு மடிப்புக்கே சம்மதிக்கவில்லை. சுல்பிகாவின் மாப்பிள்ளை அஷ்ரப் ஒக்டோபர் முடிவில் ஒரு வேன் பேசியிருக்கிறார். அதுவரை கிளினிக்குக்கு வரச் சொல்கிறார் டொக்டர். நான் வேனில் வருகிறேன். நீங்கள் சக்களத்திக்குப் பவுடர் பூசிக்கொண்டிருங்கள்.

மீனுக்குப் புளி அதிகம் போடாதீர்கள், வயிறு புண்ணாகும்.

உங்கள்
சபியா உம்மா


மருதமுனை
2024.06.25

அன்புள்ள சபியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நீ இல்லாத வீட்டில் வட்டிலப்பம்கூட இனிக்கவில்லை. இளைய மகள் பஸ்மிலா நன்றாகத்தான் செய்தாள். குறை என் நாக்கில்.

நீ கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் வைத்திருக்கிறேன். முன் சில்லு இரண்டுக்கும் டிஸ்க் பிரேக் போட்டாயிற்று. இப்போது காலை மெல்ல வைத்தாலே மைனர் ஸலாம் சொல்லி நிற்கிறது.

இரண்டாவது பதில் உன் சீட். இதைக் கவனமாக வாசி. முன்பக்க இடது சீட்டை அடியோடு கழற்றினேன். நம் தறியின் பழைய பாவு உருளை சுழலுமே, அதன் பேரிங் சும்மா துருப்பிடித்துக் கிடந்தது. அதைக் கழுவி, கிறீஸ் வைத்து, இரும்புத் தட்டில் பொருத்தி, அதன் மேல் சீட்டை உயர்த்தி வைத்தோம். இப்போது சீட் கதவுப் பக்கம் திரும்பும். நீ வெளியே நின்றபடியே கதிரையில் இருப்பது போல இருக்கலாம். பிறகு நான் உன்னைக் காலோடு சேர்த்து உள்ளே சுற்றிவிடுவேன். ஓடும்போது திரும்பாமல் இரண்டு இரும்புக் கொக்கி பூட்டியிருக்கிறது. இரண்டு கதவுக் காரை ஏன் வாங்கினீர்கள் என்று அந்த நாளில் என்னைத் திட்டினாயே. கதவு அகலமாக இருந்ததால்தான் இந்தச் சீட் திரும்புகிறது!

இனி ஒரு துக்கச் செய்தி. சிரிக்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டு வாசி.

சீட்டுகளுக்கு நானே தறியில் துணி நெய்தேன். உன் கருஞ்சிவப்புச் சேலையின் கோடுகள், அதே அகலம். சேலை வாங்க வருகிறவர்களிடமெல்லாம் "முதல் தண்ணியில தனிய அலசிப் போடுங்க" என்று ஆயுள் முழுக்கச் சொன்னவன் நான். என் துணிக்கு அதைச் செய்ய மறந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை றிபாஸ் வெள்ளைச் சாரன் உடுத்து, மழையில் நனைந்து ஓடி வந்து, சாரதி சீட்டில் இருந்து காரை ஓட்டிக்கொண்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போனார். அவர் நெற்றியைத் தரையில் வைத்து ஸுஜூதுக்குப் போனபோது பின் வரிசையில் இருந்தவர்களுக்குச் சாரனில் ஒட்டிய என் டிசைன் முழுவதும் தெரிந்திருக்கிறது. கோடுகூடக் கோணவில்லையாம்.

வீட்டுக்கு வந்து, "மாமா, இந்தக் காருக்கும் எனக்கும் இனி ஒரு தொடர்பும் இல்ல. கண்டிக்கு நான் ஓட்டிப் போகவும் மாட்டன்" என்று சொல்லிவிட்டார். நல்ல பிள்ளை. பாங்கில் வேலை செய்கிறவர். திங்கட்கிழமை அங்கே ஒருவர் அவரிடம் சேலைக்கு விலை கேட்டாராம்.

சாரதி போய்விட்டார். துணிகளைக் கழற்றி அலசிவிட்டேன். இனி என்ன செய்வது என்று யோசித்தேன். நாற்பது வருடமாக அந்த எஞ்சினுக்குக் காது கொடுத்து வந்தவன், ஸ்டியரிங்கை வீட்டு வளவுக்குள் மட்டும்தான் பிடித்திருக்கிறேன். லைசன்ஸ் எடுக்காமல் இருந்தது எழுத்துப் பரீட்சைக்குப் பயந்துதான். இப்போது எதற்குப் பயப்பட வேண்டும்? உன்னை நானே கூட்டிவருவேன், சபியா. இன்ஷா அல்லாஹ்.

உன் துஆவை எதிர்பார்க்கும்
ஆதம்பாவா


கண்டி
2024.07.04

அன்பின் மச்சானுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். சிரித்தேன். தையல் போட்ட இடமெல்லாம் பிடிக்கப் பிடிக்கச் சிரித்தேன். பக்கத்து வீட்டுச் சிங்கள நோனா என்னவோ ஏதோவென்று ஓடி வந்துவிட்டார். அவருக்கு எப்படிச் சொல்வது? என் சேலையை எடுத்து விரித்துக் காட்டினேன்.

ஆனால் இதைச் சிரிக்காமல் எழுதுகிறேன். வயது போன காலத்தில், மழை காலத்தில், மலையில் முதன்முதலாகக் கார் ஓட்டப் போகிறேன் என்கிறீர்கள். எனக்கு முழங்கால் இரண்டு புதிதாகப் போட்டிருக்கிறார்கள். புருசன் புதிதாகப் போட மாட்டார்கள். லைசன்ஸ் கையில் இல்லாமல் ஒரு அடி நகர வேண்டாம். கிடைத்தாலும், முதலில் நான் இல்லாமல் அந்த வளைவுகளில் ஏறி இறங்கிக் காட்டுங்கள். அதுவரை வேனை நான் நிற்பாட்ட மாட்டேன்.

சீட் திரும்பும் என்று எழுதிய இடத்தை மட்டும் சுல்பிகாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன்.

உங்கள்
சபியா உம்மா


மருதமுனை
2024.10.12

அன்புள்ள சபியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்ஹம்துலில்லாஹ்! கடிதத்துக்குள் வைத்திருக்கும் போட்டோவை முதலில் பார். என் கையில் இருப்பது லைசன்ஸ். போட்டோ எடுத்தது றிபாஸ். ஓம், கோபம் ஆறிவிட்டது.

எழுத்துப் பரீட்சையில் ஜூலையிலேயே சித்தியடைந்துவிட்டேன். சொன்னால் நீ ஓட்டப் பரீட்சையை நினைத்துப் பயப்படுவாய் என்று சொல்லவில்லை. பரீட்சை மண்டபத்தில் எல்லாரும் என் பேரன்மார் வயது. ஒவ்வொரு கேள்வியையும் விரல் வைத்து வாசித்தேன். கடைசியாக எழும்பியவன் நான். பரவாயில்லை, எழும்பினேன்.

ஓட்டப் பரீட்சைக்கு, கிசோக் ஓட்டிவர, நம் மைனரையே அம்பாறைக்குக் கொண்டுபோனேன். பரிசோதகர் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஐயா, இந்த வயசில என்னத்துக்கு லைசன்ஸ்?" என்று தமிழில் கேட்டார். "பொஞ்சாதியக் கூட்டிவர சேர்" என்றேன். அவர் உன் சீட்டில் இருக்கப் போனார். அதன் கோடுகளைக் கண்டதும் எனக்குப் பழைய பயம் வந்து, "பயப்படாம இருங்க சேர், சாயம் போகாது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மனுசன் வழி முழுக்க யோசனையோடு வந்தார். திருப்பச் சொன்ன இடத்தில் திருப்பினேன், நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தினேன். இறங்கியதும் முதலில் தன் காற்சட்டையின் பின்புறத்தைத் தடவிப் பார்த்தார். பிறகுதான் கையெழுத்து வைத்தார்.

நேற்று கிசோக்கை அருகில் வைத்துக்கொண்டு பதினெட்டு வளைவுக்குப் போனேன். மேலே ஏறும்போது மழைத் தூறல். முன்னால் லொறி. வெப்பம் காட்டும் முள்ளை ஒரு கண்ணாலும் பாதையை ஒரு கண்ணாலும் பார்த்தேன். முள் நடுவில் நின்றது. அசையவே இல்லை! நீ உட்கார்ந்த கல்லடியில் காரை நிறுத்தி பாணும் சம்பலும் சாப்பிட்டோம். கொண்டுபோன தண்ணீர்க் கானை மூடி திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தேன். இறங்கும்போது கிசோக் ஆரம்பத்தில் பிள்ளையாரை உரத்துக் கூப்பிட்டான். பாதி வழியில் நித்திரையாகிவிட்டான். என் ஓட்டத்துக்கு இதைவிட நல்ல சான்று உண்டா?

வேனை நிற்பாட்டு, சபியா.

வாசலில் ஹோர்ன் அடிக்கக் காத்திருக்கும்
ஆதம்பாவா


கண்டி
2024.10.18

அன்பின் மச்சானுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். வேனை நிற்பாட்டச் சொல்லிவிட்டேன். அஷ்ரப், "உம்மா, யோசிச்சுத்தானே சொல்றீங்க?" என்று கேட்டார். "ஓம் மகன், யோசிச்சாப் போக மாட்டன்" என்றேன்.

தண்ணீர் ஒரு தரம் கொதித்தாலும் வருகிற முதல் பஸ்ஸில் ஏறிவிடுவேன். இப்போதே சொல்லி வைக்கிறேன்.

போட்டோவில் சேர்ட் பொத்தானை மாறிப் பூட்டியிருக்கிறீர்கள். வரும்போது சரியாகப் பூட்டிக்கொண்டு வாருங்கள்.

உங்கள்
சபியா உம்மா


மருதமுனை, நம் வீடு
2024.11.01

அன்பின் மச்சானுக்கு,

நீங்கள் விடிய சுபஹு தொழப் போயிருக்கும்போது இதை ஸ்டியரிங்கில் செருகி வைக்கிறேன். அங்கே வைத்தால்தான் தேத்தண்ணிக்கு முன்னால் உங்கள் கையில் கிடைக்கும்.

நேற்று வழியில் தண்ணீர் கொதிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். பிரேக்கும் நல்லது. ஆனால் இவ்வளவு மெதுவாகவா ஓட்டுவது? நெல் ஏற்றிய உழவு மெசினும் நம்மை முந்திப் போனது. அதில் இருந்தவர் எனக்குக் கை காட்டினார்.

நான் சொல்ல வந்தது வேறு. மஹியங்கனையிலிருந்து கல்முனை வரைக்கும் வழியில் நின்ற ஒரு போர்டையும் நீங்கள் விடவில்லை. ஊர்ப்பெயர், கடைப்பெயர், 'மெதுவாகச் செல்க', 'யானைகள் கடக்கும் இடம்', எல்லாம் உரத்து வாசித்துக்கொண்டே வந்தீர்கள். ஒரு இடத்தில் பிழையாக வாசித்தீர்கள். வாய் வரை வந்தது, திருத்தவில்லை. நாற்பது வருடம் வாசித்துக் களைத்தவளை இருத்தி வைத்து ஒருவர் வாசித்துக் காட்டினால், அதற்குக் குற்றம் சொல்வேனா?

இன்னொன்று. என் முழங்கால்கள் இப்போது நன்றாக மடிகின்றன. எந்த வாகனத்திலும் ஏறலாம் என்று டொக்டர் ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். சுல்பிகாவையும் வாயைத் திறக்க வேண்டாம் என்றேன். தெரிந்தால் அந்தச் சீட்டைக் கழற்றிவிடுவீர்கள். கழற்ற வேண்டாம்.

சக்களத்தியோடு சமாதானமான
சபியா உம்மா


மருதமுனை, காருக்குள்ளிருந்து
அதே நாள்

அன்புள்ள சபியாவுக்கு,

தேத்தண்ணி ஆறிவிட்டது. கடிதத்தை மூன்று முறை வாசித்தேன்.

கண்டியில் நான் வந்து ஹோர்ன் அடித்தபோது, நீ அந்தப் படிகளில் கைபிடியையும் பிடிக்காமல் விறுவிறு என்று இறங்கி வந்தாய். நான் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். பிறகு கதவடிக்கு வந்ததும் மெல்ல நடந்து, திரும்பிய சீட்டில் இருந்து, காலை வெளியே வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தாய். நான் உன்னைக் காலோடு சேர்த்து உள்ளே சுற்றிவிட்டேன்.

பேரிங்குக்கு இப்போதுதான் புதுக் கிறீஸ் வைத்தேன். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒலுவில் கடற்கரை வரை போய்வருவோம். கருஞ்சிவப்புச் சேலையை உடுத்துக்கொண்டு வா. சீட்டைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.

உன் சாரதி
ஆதம்பாவா