கதவோரக் கூண்டு

என்னங்க,

அக்கா வீட்டுக்குப் போகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். கோழிப்பண்ணைக்காரர் வந்தால் உள்ளறை வெட்டுக்கிளிகளைத் தீவனத்துக்குக் கொடுத்துவிடுங்கள். வாசல் கதவில் மாட்டிய கூண்டைத் தொடவேண்டாம். வெட்டுக்கிளிக் குஞ்சுகள் தலைகீழாகத் தொங்கித் தோலுரிக்கின்றன. அதிர்ந்தால் விழுந்து கால் கோணிவிடும்.

கல்யாணமான புதிதில் இதைக் காட்டித்தான், “மூச்சு விடாதே, விழுந்துடும்” என்றீர்கள். நானும் பைத்தியம் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு உங்கள் தோளில் சாய்ந்திருந்தேன். நேற்று அதே வாய்தான், “பூச்சியா நானா, ஒண்ணு சொல்லு” என்றது.

சர்க்கரை டப்பாவில் இருப்பது முட்டையிட்ட மணல். போன தடவை மாதிரி காபியில் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று: சாவியை எடுத்துப் போகவில்லை. சாயங்காலம் திரும்பி வரும்போது கதவைத் தட்டமாட்டேன், அதுகள் விழுந்துவிடும். நீங்களே மெதுவாகத் திறந்து வையுங்கள்.