சாம்பிராணி குடித்த லேப்டாப்

ஜூலை 8, செவ்வாய்

தண்ணீர் லேட்டாக வந்தது. துணி ஊறப் போட்டுவிட்டு மேலே வந்து உட்கார்ந்தால் லேப்டாப் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்தது. திரும்பப் போட்டேன். கொஞ்ச நேரம் ஓடியது, மறுபடியும் கறுப்பு. அடிப்பக்கம் தொட்டால் தோசைக்கல் மாதிரி சுடுகிறது.

பழைய சாமான்தான். மகள் பரீஹா அஞ்சாவது படிக்கும்போது செகண்ட் ஹேண்டில் வாங்கியது, இப்போது அவள் காலேஜ் போகிறாள். ஆனால் என் பஞ்சிங் வேலை முழுக்க இதில்தான். கீழே இவர் ஓட்டுகிற எம்ப்ராய்டரி மிஷினுக்குப் பூவும் தெரியாது இலையும் தெரியாது. ஊசி எங்கே இறங்கணும், எங்கே திரும்பணும், எங்கே நூலை வெட்டணும் என்று நான் இங்கே போட்டு பென்டிரைவில் கொடுத்தால்தான் அது தைக்கும்.

உல்லாஸ்நகர் சேட் போன வருஷத்து மல்லிக்கொடி துப்பட்டாவையே மறுபடி கேட்கிறார். நூல் மாறாமல் அதே கொடி வேணுமாம். மாசக் கடைசிக்குள் சாம்பிள் கொடுத்தால் சீசன் ஆர்டர் நமக்கு. இல்லாவிட்டால் மிஷினை விற்றுவிட்டு ஐரோலியில் கூட்டாளியோடு கோடவுன் வேலைக்குப் போகிறேன் என்று இவர் தீர்த்துச் சொல்லிவிட்டார். மிஷின் போனால் என் பஞ்சிங்கும் போச்சு.

இதை இங்கே தைரியமாக எழுதலாம். இந்த வீட்டில் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க என்னைத் தவிர யாருக்கும் பொறுமை கிடையாது.

ஜூலை 9

இன்றைக்குச் சுத்தமாக உயிரே இல்லை.

ஜூலை 10, வியாழன்

பரீஹா டாக்டர் ஆகிவிட்டாள். மொபைலில் வீடியோவைப் பார்த்துக்கொண்டே பேட்டரியைக் கழற்றினாள், பவர் பட்டனை அமுக்கிப் பிடித்தாள், உள்ளே இருந்த சின்னப் பட்டையை எடுத்துப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்தாள். "உம்மா, டென்ஷன் மத் லோ, திரும்ப மாட்டிருவேன்." மாட்டினாள். சரசரவென்று ஒரு சத்தம், திரையில் வெளிச்சம்! நான் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி வாய் மூடவில்லை, அணைந்துவிட்டது.

சாவுச் செய்தி கேட்டால் சொல்கிற மாதிரி நான் இன்னா லில்லாஹி என்றேன். கீழேயிருந்து இவர், "யாரு மவுத்து?" என்று கேட்கிறார். இந்த மனுஷருக்கு எல்லாமே கிண்டல்.

ஜூலை 11, வெள்ளி

தொண்ணூறடி ரோட்டில் சுடலைக்கண்ணன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் இவர் கொடுத்துவிட்டு வந்தார். நம்ம ஊர்ப் பக்கத்து ஆள், அம்பாசமுத்திரமாம், திங்கட்கிழமை தருவாராம்.

சாயங்காலம் மஃரிப் தொழுகை நேரத்துக்கு சாம்பிராணி போட்டேன். வீட்டில் மூலை மூலையாகக் காட்டி, கீழே மிஷினுக்குக் காட்டி, மேலே வந்தால் மேஜை காலி. பழக்க தோஷம், காலி மேஜைக்கும் காட்டிவிட்டு வந்தேன். நமக்குச் சோறு போடுகிற சாமானை வெள்ளிக்கிழமை எப்படி விட முடியும்.

ஜூலை 14, திங்கள்

எழுதித்தான் ஆகணும்.

லேப்டாப் வந்தது. இவர் பெருமையாகத் திறந்து காட்டினார். "பாரு, குதிரை மாதிரி ஓடுது." ஓடியது. சூடும் இல்லை. திரையில் நீலமாக ஒரு படம், குப்பைக்கூடை, வேறு ஒன்றும் இல்லை. என் ஃபோல்டர் எங்கே? தேடினேன். இருக்காது என்று தெரிந்தும் தேடினேன். ரோஜா, மாங்காய், மயில், தர்கா போர்வைக்கு நான் நோன்பு நேரத்தில் உட்கார்ந்து போட்ட பிறை, ஸ்கூல் பேட்ஜுகள், மல்லிக்கொடி... ஒன்றும் இல்லை. ஒன்றுகூட இல்லை!

"டிசைன் எல்லாம் எங்க மச்சான்?"

"என்ன டிசைன்?"

"நான் போட்டதெல்லாம்!"

"அது பென்டிரைவுலல்லா இருக்கு?"

பென்டிரைவில் இருந்தது கடைசியாகத் தைத்த ஒரே ஒரு பேட்ஜ். இவர்தான் ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்ததும் துடைத்துவிட்டு அடுத்ததுக்கு என்னிடம் நீட்டுகிறவர். மிஷினுக்குள்ளும் இடம் கிடையாது, அதையும் துடைத்துத்தான் அடுத்தது.

சனிக்கிழமை சுடலைக்கண்ணன் போன் போட்டிருக்கிறார். விண்டோஸ் கெட்டுப்போச்சு, ஃபார்மட் அடிக்கணும், உள்ள இருக்கது ஏதும் வேணுமா என்று கேட்டிருக்கிறார். இவர் என்ன சொன்னார் தெரியுமா? "அதுல ஒண்ணும் இல்லண்ணே. பாட்டும் படமும்தான். புதுசா போட்டுக் குடுங்க."

ஒண்ணும் இல்லையாம்.

நான் அழக்கூட இல்லை. அப்படியே நின்றேன். "என்னத்துக்கு இப்படி நிக்க? இன்னொரு தடவை போட்டாப் போச்சு" என்றார். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே தலை சுற்றியது. டிசைன் போனதற்கா, இந்தப் பேச்சுக்கா?

ஜூலை 15

இவரோடு பேசவில்லை. சோறு வைத்தேன். அதுவே அதிகம்.

பரீஹா காலேஜிலிருந்து வந்து விஷயம் கேட்டதும் லேப்டாப் மேலே பாய்ந்தாள். "உம்மா, ஹாத் மத் லகாவ், தொடாத! எதையும் சேவ் பண்ணாத!" அழிந்தது இன்னும் அடியில் கிடக்குமாம். மேலே புதுசாக எதையாவது எழுதினால்தான் நிஜமாகப் போகுமாம். விண்டோஸ் ஏற்கெனவே ஓரளவுக்கு மேலே உட்கார்ந்திருக்கும், மிச்சத்தையாவது காப்பாற்றலாம் என்றாள். உடனே அணைத்துத் துணியில் சுற்றி வைத்தோம். பச்சைப்பிள்ளையை வைத்த மாதிரி யாரையும் கிட்டே விடவில்லை.

ஜூலை 16, புதன்

நானே போனேன். மழையில் குடையை லேப்டாப்புக்குப் பிடித்தேன், நான் நனைந்தேன்.

சுடலைக்கண்ணனுக்கு முகம் செத்துப்போச்சு. "அக்கா, நான் கேட்டேனே, அண்ணந்தானே ஒண்ணும் இல்லன்னு சொன்னாரு..." அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றி அவருடைய கம்ப்யூட்டரில் மாட்டித் தேடிப் பார்க்கிறேன், எவ்வளவு வரும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார்.

பிறகு மேஜைக்கடியிலிருந்து ஒரு கவரை எடுத்தார். "முதல்ல நின்னு போனதுக்குக் காரணம் இதுதான். பழசை எடுத்துட்டு வேற போட்டிருக்கேன்." குட்டி ஃபேன். இறக்கைக்கு நடுவில் கறுப்பாக, பிசுபிசுவென்று, தாரை ஊற்றின மாதிரி. காற்றே போகாமல் சூடாகிச் சூடாகி விண்டோஸும் கெட்டிருக்கிறது. "உங்க வொர்க்‌ஷாப்புல என்ன எரிக்கீங்க? மோந்து பாருங்க."

மோந்தேன். யா அல்லாஹ். சாம்பிராணி!

வாராவாரம் நான் பக்தியோடு கரண்டியைக் கிட்டே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன். இந்தப் பக்கம் நான் காட்ட, அந்தப் பக்கம் அது உறிஞ்சிக் குடித்திருக்கிறது. கண் படக்கூடாது என்று நானே அதன் மூச்சை அடைத்திருக்கிறேன். கடையில் நின்றபடியே சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்போடு அழுகையும். சுடலைக்கண்ணன் பயந்துபோய் ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

ஜூலை 18, வெள்ளி

டிசைன் வந்திருக்கிறது! முழுக்க இல்லை. ஆனால் வந்திருக்கிறது.

வந்த விதத்தைத்தான் பார்க்கணும். ஒன்றுக்கும் பெயர் இல்லை, வெறும் நம்பர். மயிலும் பேட்ஜும் பரீஹாவின் பிறந்தநாள் போட்டோவும் ஒரே குவியலாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பெயர் வைக்கிறேன். யாருக்குப் போட்டது என்று திறந்ததுமே தெரிந்துவிடுகிறது, என் கை எனக்குத் தெரியாதா.

மல்லிக்கொடி இன்னும் கிடைக்கவில்லை.

சாம்பிராணி வாசலோடு நின்றது.

ஜூலை 19

கிடைத்தது. பாதி.

கொடி அழகாக ஏறிப் போகிறது, இலை, மொட்டு, பூ, பிறகு திடீரென்று குறுக்கும் நெடுக்குமாகக் கோடு. பைத்தியம் பிடித்த ஊசி மாதிரி. அந்த இடத்தில்தான் விண்டோஸ் ஏறி உட்கார்ந்திருக்கிறது போல. பார்த்துக்கொண்டே இருந்தேன். இதைவிட மொத்தமாகப் போயிருக்கலாம்.

ஜூலை 21, திங்கள்

மிச்சப் பாதியை உட்கார்ந்து போடுகிறேன். வந்த பாதியைப் பார்த்து வராத பாதி. போன வருஷத்துச் சாம்பிள் துப்பட்டா சேட்டிடம் இருக்கிறது, கேட்டால் டிசைன் போன கதை தெரிந்துபோகும்.

மத்தியானம் கீழே வேலை இல்லாததால் இவர் மேலே வந்தார். சமாதானத்துக்கு வாழைக்காய் பஜ்ஜி. நான் திரும்பவில்லை. பின்னால் நின்று பார்த்தார். போகவில்லை, நின்றுகொண்டே இருந்தார். நான் ஓர் இலையை முடித்து அடுத்த இலைக்கு ஊசி போகும் வழியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"சாயிரா."

"ம்."

"ஒவ்வொரு குத்தும் நீயா போடுத?"

"வேற யாரு போடுவா?"

"படத்தைக் குடுத்தா கம்ப்யூட்டரே போட்டுரும்னுல்லா நெனச்சிட்டிருந்தேன்."

சுட்டுவிரல் மவுஸிலேயே நின்றுவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷம், ஒரே கூரை, மேல் தட்டும் கீழ் தட்டும், நடுவில் ஓர் ஏணி. இந்த மனுஷர் நான் மேலே உட்கார்ந்து பட்டனை அமுக்குகிறேன் என்று நினைத்திருக்கிறார்! கோபம் கூட வரவில்லை. ஃபார்மட் அடிக்கச் சொன்னது இப்போதுதான் விளங்கியது. பட்டனை அமுக்கி வந்தது போனால் என்ன, திரும்ப அமுக்கினால் வரும்.

பஜ்ஜி ஆறிவிட்டது. அவர் இன்னும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். "அந்த மொட்டுக்கு எதுக்கு அங்கன சுத்திப் போவுது?" என்று கேட்டார். நேராகப் போனால் நூல் மேலே தெரியும் என்றேன். தலையை ஆட்டினார்.

ஜூலை 24

கொடி முடிந்தது. தைத்துப் பார்த்தோம். எது பழைய பாதி, எது புதுசு என்று இவர் சொல்லப் பார்த்துத் தோற்றுப்போனார். பரீஹா டிரெயினில் உல்லாஸ்நகர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஜூலை 28, திங்கள்

சேட் போன். நான் ஏணிக்குக் கீழே நின்று இவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சாம்பிள் பிடித்துவிட்டது, ஆர்டர் நமக்குத்தான். ஆனால் இலையைக் கொஞ்சம் சின்னதாக்கணுமாம்.

வழக்கமாக இவர் "ஹோ ஜாயேகா சேட், ஆயிரும், என்கிட்ட விடுங்க" என்பார். இன்றைக்கு, "அது எனக்குத் தெரியாது சேட். டிசைன் போட்டவங்ககிட்டயே கேளுங்க" என்று இந்தியில் சொல்லி, போனை என் கையில் வைத்துவிட்டார்.

ஒன்பது வருஷமாக சேட்டின் துணியில் என் வேலை. அவர் குரலை இதுவரை நான் காதில் வாங்கியதே இல்லை.

"ஆப் கோன்?" என்றார் சேட், நீங்கள் யார் என்று.

சாயிரா என்றேன். மல்லிக்கொடி நான் போட்டதுதான் என்றேன். இலையைச் சின்னதாக்கினால் தையல் நெருங்கிப்போகும், ஒரு தடவை துவைத்ததும் துணி சுருங்கும் என்று தட்டுத்தடுமாறி இந்தியில் சொன்னேன்.

அந்தப் பக்கம் சேட் துணியைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"சரி மேடம், பெரிசாவே இருக்கட்டும்" என்றார்.