மேகமில்லாத குளிர்ச்சி

அன்புள்ள அப்பாவுக்கு,

செம்மொழி எழுதுகிறேன். நான் நலம். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

இங்கே ஜெர்மனியில் போன வாரம் ஒரு வேடிக்கை. செயற்கைக்கோள் அகச்சிவப்புக் கதிரில் பூமியின் சூட்டை அளக்கும். அது என்ன காட்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு ஒப்பிடுவதுதான் என் வேலை. நம் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் மட்டும் என் கணக்கைவிடக் குளிர்ச்சியாக வந்தது. “மேகம் மறைத்திருக்கும், அந்த இடத்தை விட்டுவிடு” என்றார் மேலதிகாரி. எனக்கு மனசு வரவில்லை. அன்றைக்குத்தான் நீங்கள் போனில், “வானம் பளிச்சுன்னு இருக்கும்மா, நடவு முடிஞ்சு வயலெல்லாம் தண்ணி நிக்குது” என்றீர்கள். கணக்கில் காய்ந்த மண் என்று வைத்திருந்ததைத் தண்ணீர் என்று மாற்றினேன். என் கணக்கும் செயற்கைக்கோள் அளவும் ஒத்துப்போயின. நம் ஊர் கணக்கில் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். நான்தான் வெளியே போய்க் கொஞ்சம் அழுதேன். சந்தோஷத்தில்தான், கவலைப்படாதீர்கள்.

குணசேகரன் அண்ணன் ஊரிலிருந்து இங்கே வரும்போது பருப்புப்பொடி கொடுத்தனுப்புங்கள். நேற்று அம்மாவின் குரல் கம்மியிருந்தது. கேட்டால் “ஒண்ணுமில்லடி” என்கிறாள். அவ்வளவு உயரத்திலிருந்து வயலின் சூடு தெரிகிறது. அம்மாவுக்குக் காய்ச்சலா என்று எனக்குத் தெரியவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
செம்மொழி