பதில் தட்டாத சுத்தியல்

மார்ச் 4

அண்ணன் இன்றும் உயிரை வாங்கிவிட்டான். அவன் மேடைக்கு அடியில் படுத்து இரும்புக் குழாயைத் தட்டுவான். நான் மேலே, குழாயின் மறுமுனையில், சுத்தியலோடு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இதுதான் எங்கள் இருவர் கச்சேரி. ஒத்திகைக்கு வந்த அரங்க மேலாளர், "பாட்டு எப்பம்மா ஆரம்பிக்கும்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணனுக்கு வரவில்லை.

மார்ச் 9

சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தபோது நான் அம்மா வயிற்றில். அடியில் மாட்டிக்கொண்டவர்கள் காற்றுக் குழாயைத் தட்டிக்கொண்டே இருந்தார்களாம். அப்பாவும் அங்கேதான். மேலேயிருந்து யாரும் பதில் தட்டவில்லை. அதனால் நானும் தட்டக்கூடாது.

ஒரே ஒரு தட்டு, அண்ணா, என்று கெஞ்சிப் பார்த்தேன். "அப்பாவுக்குக் கிடைக்காதது எனக்கு எதுக்கு?" என்றான்.

மார்ச் 15

குளியலறைக் குழாய் அதிர்ந்தாலே தண்ணீரை நிறுத்திவிட்டுக் காதை வைத்துக் கேட்கிறேன். அவனுக்கு மட்டுமா அப்பா? அவனாவது முகத்தைப் பார்த்தான். எனக்கு இந்தத் தட்டல்தான் அப்பா.

மார்ச் 16

நாளை கச்சேரி. அம்மாவும் வருகிறாளாம். ஒத்திகைப் பக்கம்கூட எட்டிப் பார்க்காதவள்.

மார்ச் 18

தட்டிவிட்டேன்.

அண்ணன் தட்டல் தேய்ந்துகொண்டே போனது. அப்படித்தான் முடியும், தெரியும், எத்தனை ஒத்திகை பார்த்தோம். ஆனா கீழ அவன் செத்துக்கிட்டிருக்கான்னே தோணிப்போச்சு. என்னால முடியல. ஓங்கித் தட்டினேன். கீழே சத்தமே இல்லை. மேடைக்கடியிலிருந்து வெளியே வந்தவன், அத்தனை பேர் முன்னால் என்னைப் பார்க்காமலே நடந்து போனான். இனி என்னோடு மேடை ஏறமாட்டானாம். அம்மாவிடம் சொல்லியனுப்பினான்.

மார்ச் 20

அவன் அறைக்கதவு சாத்தியே இருக்கிறது. அழுதேன், திட்டினேன்.

அம்மா காய் நறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "அன்னைக்கு நான் குழாய்ப் பக்கத்துலதான் நின்னேன். கையில கல்லு இருந்துச்சு. இனிமே காப்பாத்த முடியாது, வீணா நம்பிக்கை குடுக்காதீங்கன்னு இன்ஜினியர் சொன்னாரு. கேட்டுக்கிட்டேன்."

அப்பா தட்டியது உனக்குக் கேட்டதா என்றேன். தலையாட்டினாள். இத்தனை வருடமும் இவள் இதைச் சுமந்துகொண்டா சமைத்தாள், துவைத்தாள், எங்களை வளர்த்தாள்?

மார்ச் 21

காலையில் அண்ணன் அறைக்குள்ளிருந்து தட்டல். கட்டில் சட்டமாக இருக்கும். தனியாகவே கச்சேரியை முடித்துக்கொள்கிறான் போல. நான் அசையவில்லை. தட்டல் தேய ஆரம்பித்தது.

அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து கதவைத் தட்டினாள்.

உள்ளே தட்டல் நின்றுபோனது. இதோ கத்தப்போகிறான் என்று நினைத்தேன். பிறகு மெல்லத் தட்டினான். அம்மா தட்டினாள். மறுபடி அவன். மறுபடி அம்மா.

அடுப்பில் ஏதோ தீயும் வாசம் வந்தது. அணைக்க யாரும் போகவில்லை.