நம் வீட்டில் இரண்டு பானை

பூந்தமல்லி,
1934 மே.

அன்புள்ள மகன் ஞானாபரணத்துக்கு அம்மா அன்னம்மாள் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே மூவரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், ரங்கூன் மழையில் உனக்கு அந்த இருமல் திரும்பாமல் இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறேன். உடம்பைத் தவிர மற்றதெல்லாம் இங்கே சரியில்லையப்பா. உன் தங்கை வசந்தாவின் கல்யாணம் நின்றுபோனது. வேறு யாராவது எழுதி நீ தெரிந்துகொள்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து உபவாச நாட்களில் புதிதாக வந்த பாதிரியார், விக்கிரகம் கல்லில்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள், எதை விடச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வருகிறதோ அதுதான் உங்கள் விக்கிரகம் என்று பிரசங்கம் செய்தார். உன் அப்பா அன்றைக்கே மூக்குப்பொடி டப்பியைக் கிணற்றில் போட்டுவிட்டு வந்து சிரித்தார். பெரியப்பா கிராமபோன் பெட்டியை விற்றார். சபையே சுத்தமாகிவிட்டதாக எல்லோருக்கும் சந்தோஷம். ஈஸ்டர் அன்று இராப்போஜனத்துக்கு முன்னால் பாதிரியார், இனி முன்வரிசை பின்வரிசை கிடையாது, வந்தபடியே முழங்காலிடுங்கள் என்றார். நம் நிலத்தில் வேலை செய்யும் கன்னியப்பனின் பெண்சாதி குப்பம்மா பின்னாலிருந்து எழுந்து வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டாள். ரெபேக்காள் என்று ஞானஸ்நானம் பெற்றும் நாம் அவளைக் குப்பம்மா என்றுதானே கூப்பிடுகிறோம். அவள் குடித்த திராட்சரசப் பாத்திரம் அப்பாவிடம் வந்தது. அவர் எழுந்து வெளியே போனார். நம் ஜாதி ஜனம் அத்தனையும் எழுந்தது, நானும் எழுந்தேன். வசந்தா மட்டும் எழவில்லை, நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

மறுநாளே அப்பா கோயிலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். சபைக்கு மூப்பர் அவர்தானே, அவரிடம் சாவியை யார் கேட்பது? பாதிரியார் கன்னியப்பன் குடிசைக்கு முன்னால் பந்தல் போட்டு ஆராதனை நடத்தினார். மாப்பிள்ளை வீட்டார் நல்ல காரியம் செய்தீர்கள் என்று ஆள் அனுப்பி, முகூர்த்தத்தையும் முன்னால் வைக்கச் சொன்னார்கள். "அதை மெச்சிக்கிற ஊட்டுக்கு நான் போவ மாட்டேம்மா" என்று வசந்தா அழுதாள். அப்பா அவளை வாசலைத் தாண்ட விடவில்லை. என் தாய்வீட்டிலும் அப்பா பக்கம்தான், எங்கே போய்ச் சொல்வேன்? ஒருநாள் பொறுக்கமாட்டாமல், டப்பியை ஒரு நிமிஷத்தில் எறிந்தீர்களே, இதை ஏன் எறிய முடியவில்லை என்று கேட்டுவிட்டேன். "அது கையில இருந்துச்சு, எறிஞ்சேன். இது ரத்தத்துல கீதே, எப்டிடீ எறியறது?" என்றவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு வசந்தாவைக் கூட்டிக்கொண்டு கொல்லைப்பக்கமாகப் பந்தலுக்குப் போனேன். "ஆண்டைக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்மா?" என்று குப்பம்மா பதறினாள். அவளுக்கு அடுத்து நான் முழங்காலிட்டேன். உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும், பாத்திரம் உதட்டில் பட்டதும் எனக்குக் குமட்டியது. அப்போதுதான் எனக்குள்ளும் அது உட்கார்ந்திருப்பது தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். வசந்தா சாதாரணமாகக் குடித்தாள்.

சேதி போய்ச் சேர்ந்ததும் மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள். அப்பா ஏசவில்லை, அடிக்கவில்லை. குமணன்சாவடிக்குப் போய்ப் புதுப்பானை ஒன்று வாங்கி வந்து கூடத்தில் வைத்து, "இது என்னுது, நீங்க ரெண்டு பேரும் கை வெக்காதீங்க" என்றார். சாப்பாடு பெரியப்பா வீட்டில். நேற்று வெயிலில் வந்து சாய்ந்தவருக்கு நான் மறந்துபோய் எங்கள் பானையில் தண்ணீர் மோந்து கொடுத்தேன். சொம்பை வாங்கி வாய்வரை கொண்டுபோனார். குடிக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை, அப்படியே தரையில் வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நாக்கு வறண்டு கிடக்கும் மனுஷனை எப்படியப்பா வெறுப்பேன்.

வேளைக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே, வேதத்தை விடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஒன்றை மட்டும் மறக்காதே. கிறிஸ்மஸுக்கு நீ வரும்போது, எந்தப் பானையில் குடிக்கப் போகிறாய் என்று அப்பாவும் நானும் இருவருமே உன் கையைப் பார்த்துக்கொண்டிருப்போம். கப்பலை விட்டு இறங்குமுன் யோசித்துக்கொள்.

உன் அம்மா,
அன்னம்மாள்